மேசைக் கணினியின் விசிறி இரைச்சல்: காரணமும் குறைக்கும் வழியும்

மேசைக் கணினி இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் கடைசியில் வெப்பமாகவே வெளியேறுகிறது. எழுத்து திரையில் தோன்றுவதும் கணக்குக் கூட்டப்படுவதும் இடையில் நடக்கும் வேலைகள். ஆற்றலின் வரவு செலவில் அவற்றுக்குத் தனிப் பங்கு கிடையாது. 150 வாட் மின்சாரம் இழுக்கும் கணினி, 150 வாட் வெப்பத்தை அறைக்குள் விடுகிறது. அந்த வெப்பத்தைச் சில்லின் பரப்பிலிருந்து எடுத்துப் பெட்டிக்கு வெளியே தள்ளும் வேலையை விசிறிகள் செய்கின்றன. இரைச்சல் அந்த வேலையின் பக்கவிளைவு. ஆகவே இரைச்சலைக் குறைக்க இரண்டு முக்கியப் பாதைகள் உண்டு: வெளியேற்ற வேண்டிய வெப்பத்தைக் குறைப்பது, அதே வெப்பத்தைக் குறைந்த வேகத்தில் சுழலும் விசிறியால் வெளியேற்றுவது. நடைமுறையில் பயன் தரும் வழிகள் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றில் அடங்கும்.

விசிறி வந்த வழி

1981-இல் வெளிவந்த ஐபிஎம் பிசியின் மின்வழங்கி 63.5 வாட் திறன் கொண்டது. அந்தக் கணினியில் இருந்த ஒரே விசிறி அந்த மின்வழங்கிக்குள் இருந்ததுதான். அதன் 8088 பிராசஸருக்கு ஹீட் சிங்க் எனப்படும் உலோகத் தகடு கூடத் தேவைப்படவில்லை. 1993-இல் பெண்டியம் வந்தபோது பிராசஸர் 15 வாட் அளவுக்கு வெப்பம் உமிழ்ந்தது. ஹீட் சிங்க்கும் அதன்மேல் விசிறியும் வழக்கமாகின. 2004-இல் வந்த பெண்டியம் 4 வகைகளில் சில 100 வாட்டைத் தாண்டின. வீட்டுக் கணினியின் இரைச்சல் பெரும் குறையாகப் பேசப்பட்ட காலம் அது.

இன்றைய பிராசஸர்களில் பல 65 வாட் என்ற அளவுக்கு வடிவமைக்கப்படுகின்றன. ஆனால் வேலை கூடும்போது சிறிது நேரம் அந்த அளவை மீறி ஓடும் வசதி அவற்றில் உண்டு. உயர்வகைப் பிராசஸர்கள் அந்த நேரத்தில் 200 வாட்டுக்கு மேலும் இழுக்கும். உலாவியில் ஒரு பக்கம் திறந்த கணத்தில் விசிறி திடீரென்று சீறி, அடுத்த கணம் அடங்குவதற்கு இந்த ஏற்ற இறக்கமே காரணம்.

சாதாரண வீட்டுக் கணினியில் குறைந்தது மூன்று விசிறிகள் இருக்கும்: பிராசஸர் மேல் ஒன்று, எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கிக்குள் ஒன்று, கேபினட்டின் பின்புறம் ஒன்று. தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதில் ஒன்றோ இரண்டோ கூடும்.

ஒலி எங்கிருந்து பிறக்கிறது

விசிறி இரைச்சல் என்று ஒரே சொல்லில் சொல்லப்படுவது உண்மையில் நான்கு வகை ஒலிகளின் கலவை.

முதலாவது, இறக்கைகள் காற்றைக் கிழிப்பதால் எழும் சுழிப்பு ஒலி. 'ஹோ' என்று கேட்கும் இதில் எல்லா அலைவெண்களும் கலந்திருக்கும். ஒரே சீராக இருந்தால் காது விரைவில் பழகிவிடும். இரண்டாவது, இறக்கை ஒவ்வொன்றும் தாங்கு கம்பியைக் கடக்கும்போது பிறக்கும் சுரம். 7 இறக்கைகள் கொண்ட விசிறி நிமிடத்துக்கு 1,200 முறை சுழன்றால் நொடிக்கு 20 சுற்று. அதாவது 140 ஹெர்ட்ஸ் சுரம். விசிறிக்கு மிக அருகில் துளையிட்ட தகடோ கேபிளோ இருந்தால் இந்தச் சுரம் வலுக்கும். மூன்றாவது, பேரிங் ஒலி. எண்ணெய் வற்றிய பேரிங் கரகரக்கும், கீச்சிடும். மனிதச் செவி 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிக்கு மிகக் கூர்மையானது என்பதால், அளவில் சிறிய கீச்சொலி கூட அளவில் பெரிய காற்றொலியைவிட அதிகம் உறுத்தும். நான்காவது, அதிர்வு. விசிறியின் அதிர்வு கேபினட்டின் மெல்லிய தகட்டுக்குப் பரவி, தகடு முழுவதையும் ஒலிக்கச் செய்கிறது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்டு டிஸ்க்கும் 120 ஹெர்ட்ஸில் இதே வேலையைச் செய்யும்.

ஒலியின் அளவைக் குறிக்கும் டெசிபல், மடங்குக் கணக்கில் ஏறும் அலகு. ஒரே அளவு ஒலிக்கும் இரண்டு விசிறிகள் சேர்ந்தால் 3 டெசிபல்தான் கூடும். 10 டெசிபல் குறைந்தால் காதுக்கு ஒலி பாதியாகத் தோன்றும். இந்த இரண்டு எண்களும் பின்னால் வரும் கணக்குகளுக்கு அடிப்படை.

மலையிலும் சமவெளியிலும்

ஒரே கணினி எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இரைவதில்லை. தமிழ்நாடு, கேரள எல்லையில் இருக்கும் கம்பம்மெட்டும் அதன் அடிவாரத்தில் இருக்கும் கம்பமும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தேனி மாவட்டத்தின் கம்பம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் பள்ளத்தாக்கில் அமைந்த ஊர். அங்கிருந்து மலைச்சாலையில் ஏறினால், இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்கள் தொடங்கும் கம்பம்மெட்டு 1,000 மீட்டரை ஒட்டிய உயரத்தில் வருகிறது. ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அந்தக் கணக்கில் இரண்டு ஊருக்கும் இடையே 4 டிகிரி வேறுபாடு வரும். கோடையில் பகல் முழுவதும் வெயிலை வாங்கும் காங்கிரீட் கூரையையும், மலையின் மேகத்தையும் மர நிழலையும் சேர்த்தால் அறைக்குள் வேறுபாடு இதைவிடப் பெரிதாகும்.

பிராசஸர் 70 டிகிரியில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 25 டிகிரி அறையில் சில்லுக்கும் காற்றுக்கும் உள்ள இடைவெளி 45 டிகிரி. 35 டிகிரி அறையில் அது 35 டிகிரியாகச் சுருங்குகிறது. வெப்பத்தை நகர்த்தும் உந்துதல் இந்த இடைவெளிதான். அது சுருங்கிய அளவுக்கு ஈடுகட்ட, சூடான அறையில் ஹீட் சிங்க் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதலாக உழைக்க வேண்டும். காற்றோட்டம் கூடும் அதே விகிதத்தில் வெப்பக் கடத்தல் கூடுவதில்லை என்பதால், விசிறியின் வேகம் 30 விழுக்காட்டுக்கும் மேல் ஏறும். அது 40 விழுக்காடு ஏறினால் இரைச்சல் சுமார் 7 டெசிபல் உயர்கிறது. மார்ச், ஏப்ரலில் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டக்கூடிய பாலக்காடு போன்ற இடங்களில் நிலைமை இன்னும் கடினம்.

மலைக்கு ஒரு குறையும் உண்டு. 1,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 9 விழுக்காடு குறைவு. 150 வாட் வெப்பத்தை, காற்று 10 டிகிரி மட்டும் சூடேறும் வகையில் வெளியேற்ற, கடல் மட்டத்தில் மணிக்கு சுமார் 45 கனமீட்டர் காற்று போதும். 1,000 மீட்டரில் 49 கனமீட்டர் வேண்டும். குளிர்ந்த காற்று தரும் ஆதாயத்தோடு ஒப்பிட்டால் இந்த இழப்பு சிறியது.

ஆனாலும் கம்பம்மெட்டில் கணினி இரைவது அதிகமாகக் காதில் விழும். இதற்குக் காரணம் ஒலி மறைப்பு. சமவெளி வீட்டில் தலைக்குமேல் சுழலும் மின்விசிறி நடு வேகத்திலேயே பொதுவாக 40 டெசிபலுக்கு மேல் ஒலிக்கும். கணினியின் காற்றொலி அதற்குள் மூழ்கிவிடும். ஆண்டின் பெரும்பகுதி மின்விசிறி தேவைப்படாத மலைவீட்டில், இரவின் அமைதியில், அந்த மறைப்பு இல்லை. 35 டெசிபல் ஒலியும் தனித்துக் கேட்கும். குளிர்விப்பு எளிதாக இருக்கும் இடத்திலேயே இரைச்சல் துலக்கமாகத் தெரிவது முரண் போலத் தோன்றினாலும், தீர்வும் அங்கேயே இருக்கிறது: குளிர்ந்த அறை தரும் ஆதாயத்தை விசிறியின் வேகத்தைக் குறைப்பதில் செலவிடலாம்.

வேகமும் அளவும்

விசிறிகளுக்குப் பொதுவான விதிகள் உண்டு. காற்றின் அளவு சுழற்சி வேகத்துக்கு நேர் விகிதத்தில் மாறும். காற்றைத் தள்ளும் அழுத்தம் வேகத்தின் இருபடியாக மாறும். ஒலியின் திறனோ ஏறத்தாழ ஐந்தாம் படியாக மாறும். இந்த ஐந்தாம் படியில்தான் முழுச் சூட்சுமமும் அடங்கியிருக்கிறது. வேகத்தை 20 விழுக்காடு குறைத்தால் காற்றில் இழப்பு 20 விழுக்காடு. ஒலியோ சுமார் 5 டெசிபல் இறங்கும். வேகத்தைப் பாதியாக்கினால் 15 டெசிபல் இறங்கும்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. ஒரு விசிறி முழு வேகத்தில் தள்ளும் காற்றை, அதே வகை விசிறிகள் இரண்டு பாதி வேகத்தில் தள்ளும். இரண்டாவது விசிறியால் 3 டெசிபல் கூடினாலும், வேகம் பாதியானதால் 15 டெசிபல் குறைகிறது. நிகர ஆதாயம் 12 டெசிபல். அடுத்தது, அளவு. 80 மில்லிமீட்டர் விசிறி 2,000 சுற்றில் தள்ளும் காற்றை, அதே வடிவில் அமைந்த 120 மில்லிமீட்டர் விசிறி சுமார் 600 சுற்றிலேயே தள்ளிவிடும். கணக்குப்படி இரைச்சல் ஏறத்தாழ 14 டெசிபல் குறையும்.

பெரிய விசிறியின் மெதுவான ஓட்டத்துக்கு ஒரு விலையும் உண்டு. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. முன்புற வலை அடைபட்டிருந்தாலோ, ஹீட் சிங்க் தகடுகளுக்கு இடையே தூசி நிரம்பியிருந்தாலோ, மெதுவான விசிறியால் அந்தத் தடையை மீறிக் காற்றைச் செலுத்த முடியாது. எனவே விசிறியை மாற்றுவதற்கு முன் காற்றுப் பாதையைத் திறந்துவிடுவதே முதல் வேலை.

தூசியும் ஈரமும்

பழைய கணினி புதிதில் இருந்ததைவிட அதிகம் இரைந்தால், பெரும்பாலும் காரணம் தூசி. மலைப்பகுதியில் இதற்குத் தனி இயல்பு உண்டு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மாதக்கணக்கில் நீடிக்கும் ஈரப்பதம், தூசியைப் பசைபோல் ஒட்ட வைக்கிறது. விறகடுப்புப் புகையும், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களிலிருந்து வரும் கரியும் அதனோடு சேர்ந்தால் ஹீட் சிங்க்கின் இடைவெளிகளில் ஒரு படலம் படிகிறது. வெறுமனே ஊதினால் இது போகாது. பல்லி, எறும்பு, சிலந்தி ஆகியவை வெதுவெதுப்பான கேபினட்டைத் தேடி வருவதும் வழக்கம்.

சுத்தம் செய்யும் முறை எளிது. மின் இணைப்பை முழுவதுமாகத் துண்டித்து, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்ற வேண்டும். உலர்ந்த மென்மையான பெயிண்ட் பிரஷ்ஷால் படலத்தைத் தளர்த்திய பிறகு புளோயரால் ஊதலாம். ஊதும்போது விசிறியின் இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்வது முக்கியம். காற்றின் வேகத்தில் விசிறி கட்டுக்கடங்காமல் சுழன்றால் பேரிங் கெடும். மோட்டார் மின்னாக்கியாக மாறி மதர்போர்டுக்கு மின்சாரம் பாயவும் கூடும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் வீட்டில் திறக்கக் கூடாது. இணைப்பைத் துண்டித்த பிறகும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான அளவு மின்னேற்றம் தங்கியிருக்கும்.

பிராசஸருக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே பூசப்படும் தெர்மல் பேஸ்ட் சில ஆண்டுகளில் காய்ந்து, வெப்பம் கடப்பதைத் தடுக்கும். தூசி நீக்கிய பிறகும் வெப்பநிலை குறையாவிட்டால், பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வைத்து மீண்டும் பொருத்த வேண்டும். ஹீட் சிங்க்கின் நான்கு பிளாஸ்டிக் ஊன்றுகளில் ஒன்று நழுவியிருந்தாலும் இதே விளைவு உண்டாகும் என்பதால் அதையும் பார்ப்பது நல்லது.

டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் கணினியைப் போட்டதும் கரகரத்து, சில நிமிடங்களில் அடங்கும் ஒலி வேறு வகை. குளிரில் பேரிங்கின் எண்ணெய் கெட்டிப்பட்டிருப்பதையும், பேரிங் தேயத் தொடங்கியிருப்பதையும் அது காட்டுகிறது. எண்ணெய் விட்டால் சில வாரம் தாக்குப்பிடிக்கும். நிலையான தீர்வு விசிறியை மாற்றுவதுதான். ஸ்லீவ் பேரிங் விசிறி விலை குறைந்தது, முதலில் அமைதியானது, தேய்ந்தபின் இரையும். பால் பேரிங் நெடுநாள் உழைக்கும், தொடக்கத்திலிருந்தே மெல்லிய ஒலி எழுப்பும். திரவப் படலத்தில் சுழலும் ஃப்ளூயிட் பேரிங் வகையில் இரண்டு நன்மையும் ஓரளவு சேர்ந்திருக்கும்.

இணைப்பும் அமைப்பும்

செலவே இல்லாமல் கிடைக்கும் பெரிய ஆதாயம் விசிறியின் இணைப்பில் இருக்கிறது. கடையில் கோத்துத் தரப்படும் கணினிகளில் கேபினட் விசிறி பல நேரங்களில் எஸ்எம்பிஎஸ்ஸின் நான்கு முனைப் பவர் கேபிளில் நேரடியாகச் செருகப்பட்டிருக்கும். அப்படியானால் அது எப்போதும் 12 வோல்ட்டில் முழு வேகத்தில் சுழலும். சில்லு குளிர்ந்திருக்கிறதா சூடாக இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. அதே விசிறிக்கு மூன்று அல்லது நான்கு துளைச் சிறு இணைப்பியும் இருந்தால், அதை மதர்போர்டில் செருகினால் போதும். வேகம் கட்டுப்பாட்டுக்குள் வரும்.

மூன்று கம்பி விசிறியின் வேகத்தை வோல்ட்டேஜைக் குறைத்துக் கட்டுப்படுத்துகிறார்கள். நான்கு கம்பி விசிறிக்கு 12 வோல்ட் மாறாமல் கிடைக்கும். நான்காவது கம்பி வழியே நொடிக்கு 25,000 துடிப்புகள் கொண்ட கட்டளை செல்லும். துடிப்பின் அகலம் கூடினால் வேகம் கூடும். செவிக்கு எட்டும் எல்லையான 20,000 ஹெர்ட்ஸைத் தாண்டி இந்த எண் வைக்கப்பட்டிருப்பதால் கட்டளையே ஒலியாகக் கேட்பதில்லை. மூன்று கம்பி விசிறியைச் செருகிவிட்டு, பயாஸ் எனப்படும் மதர்போர்டின் அமைப்புத் திரையில் நான்கு கம்பி முறையைத் தேர்ந்திருந்தால், விசிறி முழு வேகத்தில்தான் ஓடும். காரணம் புலப்படாத இரைச்சல்களில் சில இந்தப் பொருத்தமின்மையால் வருபவை. பயாஸில் அந்த இணைப்பை, வோல்ட்டேஜால் கட்டுப்படுத்தும் டிசி முறைக்கு மாற்றினால் தீரும்.

அடுத்தது, எந்த வெப்பநிலையில் எந்த வேகம் என்னும் வரைகோடு. தயாரிப்பாளர்கள் இதை மிகச் சூடான அறைகளையும் கருதி முன்னெச்சரிக்கையாக வைக்கிறார்கள். இன்டெல் பிராசஸர்கள் பலவற்றின் உச்ச எல்லை 100 டிகிரி. ஏஎம்டி ரைசன் 7000 வரிசைக்கு 95 டிகிரி. எல்லையை எட்டினால் அவை தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சாதாரண வேலையில் 60, 70 டிகிரி என்பது கவலைக்குரியதே அல்ல. 25 டிகிரி அறையில் 60 டிகிரி வரை விசிறியைக் குறைந்த வேகத்திலேயே விட்டு, அதற்குமேல் படிப்படியாக ஏறும்படி அமைக்கலாம். வேக மாற்றத்துக்குச் சில நொடித் தாமதம் வைக்கும் வசதி பயாஸில் இருந்தால் அதையும் பயன்படுத்த வேண்டும். சீரான ஒலியைவிட ஏறி இறங்கும் ஒலியே காதைத் தொந்தரவு செய்வது.

வெப்பத்தையே குறைத்தல்

சில்லு உமிழும் வெப்பம் அதன் கடிகார வேகத்துக்கு நேர் விகிதத்திலும், வோல்ட்டேஜின் இருபடி விகிதத்திலும் கூடும். இரண்டையும் 10 விழுக்காடு குறைத்தால் வெப்பம் சுமார் 27 விழுக்காடு குறையும். வேலையின் வேகத்தில் இழப்பு 10 விழுக்காடு மட்டுமே. விண்டோஸின் பவர் அமைப்பில் பிராசஸரின் உச்ச நிலையை 100-இலிருந்து 99 விழுக்காடாக மாற்றினால் பல கணினிகளில் எல்லை மீறி ஓடும் வசதி நின்றுவிடும். திடீர்ச் சீறல்களும் அதோடு நிற்கும். ஏலக்காய் வணிகரின் கணக்கு, மாணவரின் பாடம், தட்டச்சு, காணொளி பார்த்தல் போன்ற வேலைகளில் இந்த மாற்றத்தின் இழப்பு உணரும் அளவுக்கு இராது.

எஸ்எம்பிஎஸ்ஸின் திறனும் இதில் சேரும். கணினிக்கு 200 வாட் தேவைப்படும்போது, 80 விழுக்காடு திறனுள்ள எஸ்எம்பிஎஸ் 250 வாட் இழுத்து 50 வாட்டைத் தனக்குள்ளேயே வெப்பமாக்கும். 90 விழுக்காடு திறனுள்ளது 22 வாட் அளவுக்கே வீணாக்கும். பாதிக்கும் குறைவான வெப்பம் என்பதால் அதன் விசிறி மெதுவாகச் சுழன்றால் போதும். சுழலும் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி வைத்தால், அசையும் பாகமே இல்லாததால் அதன் ஒலியும் அதிர்வும் முற்றிலும் மறையும்.

அதிர்வும் இடமும்

விசிறியை இரும்புத் திருகுக்குப் பதிலாக ரப்பர் ஊன்றுகளால் பொருத்தினால் அதிர்வு தகட்டுக்குப் பரவாது. தளர்ந்த பக்கவாட்டுத் தகட்டைத் திருகி இறுக்குவதும், கேபினட்டின் கால்களுக்குக் கீழே ரப்பர் விரிப்பு போடுவதும் செலவு குறைந்த வழிகள். வெற்று மரமேசை அதிர்வைப் பெருக்கிக் காட்டும். மேசைக்குக் கீழே தரையில் வைத்தால் ஒலி குறைந்தாலும் தூசி அதிகம் சேரும். தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்த பலகை நல்ல இடைவழி. அறையின் மூலை இரண்டு சுவர்களாலும் ஒலியைத் திருப்பியனுப்பும். கேபினட்டின் பின்புறத்துக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளியாவது வேண்டும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. கணினியை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால், வெளியேறிய சூடான காற்றையே விசிறி மீண்டும் இழுக்கும். வேகம் கூடி, முடிவில் இரைச்சலும் கூடும். துணி போர்த்தினாலும் துளைகளை அடைத்தாலும் அதே கதைதான். விசிறியைக் கழற்றிவிட்டு கணினியை ஓட்டுவது, விசிறி இல்லாமல் ஓடும்படி வடிவமைத்த கருவிகளுக்கு மட்டுமே பொருந்தும். 10, 15 வாட் பிராசஸர் கொண்ட சிறு கணினிகள் சில, கேபினட் முழுவதையுமே ஹீட் சிங்க்காக்கி விசிறியின்றி இயங்குகின்றன. எழுத்து, கணக்கு வேலைகளுக்கு மட்டும் கணினி தேவைப்படும் வீட்டுக்கு, அடுத்த முறை வாங்கும்போது அவை பரிசீலிக்கத் தக்கவை.

எதை முதலில் செய்வது

முதலில் எந்த விசிறி இரைகிறது என்று கண்டறிய வேண்டும். கணினி திறந்த நிலையில், இறக்கையைத் தொடாமல், பென்சிலின் அழிப்பான் முனையால் விசிறியின் நடுக்குமிழை ஒரு கணம் நிறுத்திப் பார்த்தால் ஒலி எதிலிருந்து வருகிறது என்பது தெளிவாகும். எஸ்எம்பிஎஸ் விசிறியில் மட்டும் இதைச் செய்யக் கூடாது. பிறகு தூசி நீக்கம், இணைப்பும் பயாஸ் அமைப்பும், பவர் அமைப்பு என்ற வரிசையில் போகலாம். இவை மூன்றுக்கும் ஏறத்தாழச் செலவில்லை. அதன் பிறகே தெர்மல் பேஸ்ட்டும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 120 மில்லிமீட்டர் விசிறியும். எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி, புதிய ஹீட் சிங்க் ஆகியவை கடைசிப் படி.

சாதாரண வேலைக்குப் பயன்படும் கணினிக்கு, கம்பம்மெட்டு போன்ற குளிர்ந்த ஊரில் விசிறியை முழு வேகத்தில் ஓட்ட வேண்டிய தேவை எந்த மாதத்திலும் வராது. அங்கே ஒரு கணினி ஓயாமல் இரைகிறது என்றால் அது சரிசெய்யக்கூடிய பழுது. இயந்திரத்தின் இயல்பு என்று பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.